பிரான்சில் திருமணம்: திருச்சபையும் அரசும்

பிரான்சில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் திருமணம் ஒன்றே ஒன்றுதான். அது நகராட்சி மன்றத்தில், மேயரோ துணை மேயரோ முன்னிற்க, மண்டபத்தின் கதவுகளைத் திறந்து வைத்து நடக்க வேண்டும். தேவாலயத்திலும் மணம் முடிக்க விரும்புகிறவர்கள், நகராட்சி தந்த சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பிறகே பங்குக் குருவிடம் போகலாம். இந்த வரிசையை மாற்றி, பதிவுக்கு முன்பே மதச்சடங்கு நடத்திவைப்பதை வழக்கமாகக் கொண்ட குருவுக்கு 6 மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் விதிக்க இன்றைய குற்றவியல் சட்டத்தில் இடம் உண்டு.

இந்த ஏற்பாடு புரட்சியின் பிள்ளை, 1792-இல் பிறந்தது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. புரட்சிக்கு முன்பே பிரெஞ்சு மன்னர்களும் அவர்களுடைய நீதிபதிகளும் திருமணத்தைத் திருச்சபையின் கையிலிருந்து மெல்ல மெல்ல உருவி எடுத்திருந்தார்கள். அதைச் சடங்கில் கைவைக்காமலேயே செய்தார்கள். மணமக்களுக்குக் குரு ஆசி கொடுக்கட்டும், அவர் எழுதும் பதிவேடு நம்முடையதாக இருக்கட்டும் என்பதே அவர்கள் கடைப்பிடித்த வழி. புரட்சி வந்தபோது குருவின் கையிலிருந்து பேனாவை மட்டும் வாங்கினால் போதும் என்ற நிலை இருந்தது.

மன்னர் தோற்ற வழக்கு

இருவரின் சம்மதமே திருமணம் என்பது பழைய ரோமானியச் சட்டத்தின் கொள்கை. திருச்சபை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் அரச அதிகாரம் சிதறிக் கிடந்தபோது திருமண வழக்குகள் ஆயர்களின் நீதிமன்றங்களுக்குப் போயின. அதன் பிறகு ஒரு திருமணம் செல்லுமா செல்லாதா என்பதை மன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டாம் பிலிப் மன்னர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார். 1193 ஆகஸ்டில் ஆமியான் நகரில் டென்மார்க் இளவரசி இங்கபோர்கை மணந்தவர், மறுநாளே அவரை வேண்டாம் என்று ஒதுக்கினார். காரணம் இன்றுவரை விளங்கவில்லை. சில மாதங்களில் மன்னருக்கு வேண்டிய ஆயர்கள் கூடி, இங்கபோர்க் மன்னரின் முதல் மனைவிக்கு உறவுமுறை என்று காட்டி மணம் செல்லாது என்றார்கள். மன்னர் 1196-இல் இன்னொருத்தியை மணந்தார். இங்கபோர்க் ரோமுக்கு முறையிட்டார். திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் 1200-இல் நாடு முழுவதற்கும் வழிபாட்டுத் தடை விதித்தார். ஒரு மன்னரின் இல்லற வழக்குக்காக ஊர் ஊராகப் பூசைகள் நின்றன. மாதக்கணக்கில் இது நீடிக்கவே பிலிப் பணிவதாகக் காட்டிக்கொண்டார். இங்கபோர்க் அரசியாகத் திரும்ப ஏற்கப்பட்டது 1213-இல்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, பிலிப் ஒரு இடத்திலும் 'என் நாட்டில் திருமணத்தை நான் தீர்மானிப்பேன்' என்று சொல்லவில்லை. உறவுமுறைத் தடை என்ற திருச்சபையின் சட்டத்தை எடுத்துக்கொண்டே வாதாடினார். எதிராளியின் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடியதால்தான் தோற்றார். பின்னால் வந்தவர்கள் அதே புத்தகத்தைக் கொண்டு வெல்லக் கற்றுக்கொண்டார்கள்.

பெற்றோர் சம்மதம்

12-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் காலத்தில் நிலைபெற்ற விதிப்படி, 'உன்னை மனைவியாக ஏற்கிறேன்', 'உன்னைக் கணவனாக ஏற்கிறேன்' என்று இருவர் சொல்லிக்கொண்டாலே மணம் முடிந்தது. குருவோ சாட்சியோ பெற்றோரோ இல்லாவிட்டாலும் அது செல்லும். 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் மணமக்கள் பெயரை முன்கூட்டியே தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்றது. நம்மூர்க் கத்தோலிக்கர் 'ஓலை வாசிப்பது' என்று சொல்லும் வழக்கம் இதுதான். ஆனால் ஓலை வாசிக்காமல் செய்த மணமும் பாவமே தவிர, செல்லாததாகிவிடாது.

நிலமும் பட்டமும் உள்ள குடும்பங்களுக்கு இது பெரும் தலைவலி. 1550-களில் நாட்டின் படைத்தலைவர் மோன்மொரான்சி தம் மூத்த மகனுக்கு, மன்னர் இரண்டாம் ஹென்றியின் மகள் தியானை மணமுடிக்க ஏற்பாடு செய்தார். மகனோ அரசியின் தோழிகளில் ஒருவரான ழான் தெ பியென் என்பவருக்கு முன்பே ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தான். ரோமில் விடுதலை கேட்டார்கள். திருத்தந்தை நான்காம் பவுல் இழுத்தடித்தார். மன்னர் 1557 தொடக்கத்தில் ஓர் ஆணை பிறப்பித்தார்: 30 வயதுக்குட்பட்ட மகனும் 25 வயதுக்குட்பட்ட மகளும் பெற்றோர் சம்மதமின்றி மணந்தால் சொத்துரிமையை இழக்கலாம். அந்த ஆணை முன்நடந்த மணங்களையும் தொட்டது. அந்த ஆண்டே மோன்மொரான்சியின் மகன் தியானை மணந்தான். ஒரு வீட்டுத் தகராறுக்காகப் போட்ட சட்டம் என்று இதைச் சொன்னால் மிகையில்லை. ஆனாலும் அதன் நுட்பத்தைப் பாராட்டத்தான் வேண்டும். மணம் செல்லாது என்று மன்னர் சொல்லவில்லை. அது திருச்சபையின் எல்லை. சொத்து கிடையாது என்றுதான் சொன்னார். அது அவருடைய எல்லை.

திரெந்து பொதுச்சங்கத்தில் பிரெஞ்சுத் தூதர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், பெற்றோர் சம்மதமில்லாத மணம் செல்லாது என்றே விதிக்கும்படி கேட்டார்கள். 1563 நவம்பர் 11 அன்று சங்கம் தந்த விடை பாதிதான். இனி பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாமல் மணம் செல்லாது என்பது வரை ஏற்றார்கள். பெற்றோர் சம்மதம் இல்லாத மணம் செல்லாது என்று சொல்வோரையோ சபித்தார்கள். திருமணம் என்பது இரண்டு பேருடைய சம்மதம், அப்பாவின் சம்மதம் அல்ல என்ற பழைய கொள்கையைத் திருச்சபை விடவில்லை. இளைஞர் பக்கம் திருச்சபையும், குடும்பத் தலைவர் பக்கம் அரசும் நின்றன என்பது இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கலாம்.

பிரெஞ்சு முடியாட்சி திரெந்தின் தீர்மானங்களை நாட்டுச் சட்டமாக ஏற்கவே இல்லை. பதிலாக 1579-இல் புளுவா ஆணையில் தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டது: ஓலை வாசிப்பு, நான்கு சாட்சிகள், பதிவேடு, பெற்றோர் சம்மதம். சம்மதம் இல்லாவிட்டால் என்ன செய்வது? நீதிபதிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடத்திக்கொண்டு போய் மணப்பது செல்லாது என்று திரெந்து சங்கமே விதித்திருந்தது. உரிய வயதை எட்டாத ஒருவரைப் பெற்றோருக்குத் தெரியாமல் மணப்பதும் மனத்தை மயக்கிக் கடத்துவதுதானே என்று நீதிமன்றங்கள் வாதித்தன. இந்த 'மயக்கிக் கடத்தல்' கோட்பாட்டால், சங்கம் மறுத்ததைச் சங்கத்தின் சொற்களைக் கொண்டே சாதித்தார்கள்.

கோட்பாட்டை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதை மன்னர் பதின்மூன்றாம் லூயியின் தம்பி கஸ்தோன் வழக்கு காட்டியது. பிள்ளையில்லாத மன்னருக்கு அடுத்த வாரிசாக இருந்த கஸ்தோன், 1632 ஜனவரியில் நான்சி நகரில் லொரேன் பிரபுவின் தங்கை மார்கரீத்தை ரகசியமாக மணந்தார். குருவும் இருந்தார், சாட்சிகளும் இருந்தனர். பாரிஸ் உயர்நீதிமன்றம் 1634-இல் அந்த மணம் செல்லாது என்றது: கஸ்தோனை லொரேன் பிரபு கடத்திவிட்டாராம். கடத்தப்பட்டவர் 23 வயது ஆண்மகன், மனைவியை இழந்தவர், ஐந்து வயதை நெருங்கும் மகளுக்குத் தகப்பன். பிரெஞ்சு ஆயர்கள் பேரவையும் 1635-இல் மன்னருக்கு ஒத்தூதியது. ரோம் ஏற்கவில்லை. கடைசியில் மன்னர் சாகும் தறுவாயில் 1643-இல் மனமிரங்க, அதே மார்கரீத்தோடு கஸ்தோனுக்கு மறுபடி ஒரு சடங்கு நடத்தினார்கள்.

இந்த வழக்குகளின் ஊடே சட்ட அறிஞர்கள் ஒரு கொள்கையை வளர்த்தெடுத்தார்கள். திருமணத்தில் இரண்டு உண்டு: ஒன்று ஒப்பந்தம், மற்றது திருவருட்சாதனம். ஒப்பந்தம் மன்னருக்கு உரியது. ஒப்பந்தமே செல்லாது என்றால் திருவருட்சாதனம் நிற்பதற்கு இடமில்லை. இரண்டையும் பிரிக்க முடியாது என்று ரோம் இருநூறு ஆண்டுகளாக மறுத்துக்கொண்டிருந்தது.

பதிவேடு

1539-இல் வில்லேர்-கொத்ரே ஆணை, ஞானஸ்நானங்களைப் பதிவுசெய்யும்படி பங்குக் குருக்களுக்கு உத்தரவிட்டது. புளுவா ஆணை அதில் திருமணத்தையும் அடக்கத்தையும் சேர்த்தது. 1667-இல் பதினான்காம் லூயி, பதிவேடு இரண்டு படிகளாக இருக்க வேண்டும், ஒன்று கோவிலிலும் மற்றது ஆண்டுதோறும் அரச நீதிமன்ற எழுத்தரிடமும் இருக்க வேண்டும் என்று விதித்தார். குரு இதன்மூலம் அறியாமலேயே அரசாங்க எழுத்தராகிவிட்டார்.

அந்தப் பதிவேட்டில் இடமில்லாதவர்கள் என்ன ஆவார்கள் என்பதை 1685 காட்டியது. பிராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்து ஆணை ரத்தானதும் அவர்கள் சட்டத்தின் பார்வையில் இல்லாத மக்களானார்கள். கத்தோலிக்கக் குருவிடம் போக மனமில்லாதவர்கள் காட்டிலும் மலையிலும் மறைந்திருந்த போதகர்கள் முன் மணந்தார்கள். பதிவேட்டில் பெயர் இல்லாததால் மனைவி வைப்பாட்டி, பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள். தகப்பன் இறந்தால் தூரத்துச் சொந்தக்காரன் வந்து சொத்துக்கு வழக்குப் போடுவான். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தென்பகுதி நீதிபதிகள் சிலருக்கே இது பொறுக்கவில்லை. ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களின் மணத்தை உறவினர் கேள்வி கேட்க முடியாது என்று தீர்ப்பளிக்கத் தொடங்கினார்கள். 1770-இல் அப்படிப்பட்ட மணங்கள் செல்லும் என்று சட்டக் கருத்துரை எழுதிய இளம் வழக்கறிஞர் போர்த்தாலி. 34 ஆண்டு கழித்து உரிமையியல் சட்டத் தொகுப்பை வரைந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

1787 நவம்பரில் பதினாறாம் லூயி இறங்கிவந்தார். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் பங்குக் குருவிடமோ உள்ளூர் நீதிபதியிடமோ மணத்தை அறிவித்துப் பதியலாம். குருவிடம் போனாலும் அவர் அங்கே குருவாக இல்லை, அரசு அலுவலராகவே இருப்பார். பிரான்சின் முதல் மதச்சார்பற்ற திருமணம் இதுவே. கொண்டுவந்தது ஒரு கத்தோலிக்க மன்னர்.

பிறகு ஒரு நடிகரின் வழக்கு வந்தது. 1790 ஜூலையில் பாரிசின் செயின்ட் சுல்பீஸ் பங்குக் குரு, நாடக நடிகர் தல்மாவுக்கு மணமுடித்து வைக்க மறுத்தார். நடிகர்கள் சபை நீக்கத்துக்கு உள்ளானவர்கள் என்பது பழைய விதி. தல்மா கத்தோலிக்கர்; ஆகவே 1787 ஆணை அவருக்கு உதவாது. அவர் தேசிய மன்றத்துக்கு மனு அனுப்பினார். குடிமகன் ஒருவன் மணமுடிப்பது பங்குக் குருவின் விருப்பத்தைப் பொறுத்ததா என்ற கேள்வி மன்றத்தின் நடுவில் வந்து விழுந்தது. 1791 அரசமைப்பு, சட்டம் திருமணத்தை உரிமையியல் ஒப்பந்தமாக மட்டுமே கருதும் என்று அறிவித்தது.

1792 முதல் நெப்போலியன் வரை

1792 செப்டம்பர் 20 அன்று, வால்மியில் பிரெஞ்சுப் படை பிரஷ்யர்களைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்த அதே நாளில், சட்டமன்றம் தன் கடைசி அமர்வில் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று மணமுறிவை அனுமதித்தது. இருவரும் ஒத்துக்கொண்டாலும், ஒருவருக்கு மற்றவரோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் போதும். மற்றது பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை நகராட்சிக்கு மாற்றியது. நகராட்சி அலுவலர்கள் கோவிலுக்கும் குருவின் வீட்டுக்கும் போய், இருக்கும் பதிவேடுகளைப் பட்டியலிட்டு, நடப்பு ஏடுகளை முடித்துக் கையெழுத்திட்டு, நகராட்சி மன்றத்துக்குத் தூக்கி வர வேண்டும் என்று சட்டமே விவரித்தது. இரண்டில் மணமுறிவுதான் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அது 24 ஆண்டில் போய்விட்டது. பதிவேடு இன்றுவரை நகராட்சியில்தான் இருக்கிறது.

அரசு தன் வெற்றியில் கொஞ்சம் தலைகால் புரியாமலும் நடந்துகொண்டது. 1798-இல் திருமணங்களைப் புரட்சி நாட்காட்டியின் பத்தாம் நாளில் மட்டுமே, வட்டாரத் தலைமையூரில் மட்டுமே நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஞாயிறை ஒழிக்க நினைத்த இந்த முயற்சி மக்களிடம் எடுபடவில்லை.

நெப்போலியன் மதத்தோடு சமாதானம் பேசியவர். பதிவேட்டை மட்டும் விடவில்லை. 1802-இல் வெளியான விதிகளின் 54-ஆம் பிரிவு, நகராட்சியில் மணந்ததற்குச் சான்று காட்டியவர்களுக்கு மட்டுமே குருக்கள் ஆசி வழங்கலாம் என்றது. 55-ஆம் பிரிவு, தேவாலயப் பதிவேடுகள் அரசுப் பதிவேட்டுக்கு ஈடாகா என்றது. 1810 தண்டனைச் சட்டம் மீறும் குருவுக்கு முதலில் அபராதம், பிறகு சிறை, மூன்றாம் முறை நாடுகடத்தல் என்று அடுக்கியது. 1804 உரிமையியல் சட்டத் தொகுப்பில் 25 வயது வரை மகனுக்கும் 21 வரை மகளுக்கும் பெற்றோர் சம்மதம் கட்டாயமாயிற்று. திரெந்தில் மன்னர்கள் கேட்டுக் கிடைக்காதது இப்போது கிடைத்தது. கணவன் மனைவியைக் காக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற 213-ஆம் பிரிவோ தூய பவுல் நிருபத்தின் வாடை மாறாமல் இருந்தது. அதை மேயர் வாசித்தார் என்பதுதான் வேறுபாடு.

நெப்போலியனின் சொந்தத் திருமணமே இந்த வரலாற்றின் மிகச் சிக்கலான முடிச்சு. 1796 மார்ச் 9 அன்று ஜோசபினை அவர் நகராட்சியில் மணந்தார். மணமகள் வயதை நான்கு ஆண்டு குறைத்துக்கொள்ள, மணமகன் தன் வயதை ஒன்றரை ஆண்டு கூட்டிக்கொண்டார். அரசுப் பதிவேடு பொய்யைப் பதிந்துகொண்டது. 1804 டிசம்பரில் முடிசூட்ட வந்த திருத்தந்தை ஏழாம் பயஸ், இவர்கள் திருச்சபை முறைப்படி மணந்தவர்களல்லர் என்று அறிந்து மறுப்புத் தெரிவிக்கவே, முடிசூட்டுக்கு முந்தைய நாள் அரண்மனையில் நெப்போலியனின் மாமா கர்தினால் ஃபெஷ் ரகசியமாகச் சடங்கை முடித்து வைத்தார். 1809-இல் வாரிசு வேண்டி ஜோசபினை விலக்க முடிவானதும், அரசுத் திருமணத்தை மேலவையின் தீர்மானம் டிசம்பர் 16 அன்று கலைத்துவிட்டது. திருச்சபைத் திருமணத்தை யார் கலைப்பது? மன்னர்களின் வழக்கு ரோமுக்கு உரியது. திருத்தந்தையோ நெப்போலியனின் கைதியாகச் சவோனாவில் இருந்தார். ஆகவே பாரிஸ் மறைமாவட்ட நீதிமன்றத்தை நாடினார்கள். 1810 ஜனவரியில் அது மணம் செல்லாது என்றது: சடங்கின்போது பங்குக் குருவும் இல்லை, சாட்சிகளும் இல்லை. ரகசிய மணங்களைத் தடுக்க 1563-இல் போட்ட விதி, பிரெஞ்சுப் பேரரசருக்கு மறுமணம் செய்ய வழிவிட்டது.

ஏப்ரல் 2 அன்று ஆஸ்திரிய இளவரசி மரீ லூயீசோடு நடந்த மதச்சடங்குக்குப் பாரிசில் இருந்த கர்தினால்களில் 13 பேர் வரவில்லை. ரோமின் தீர்ப்பில்லாமல் முதல் மணம் முறிந்ததாக அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் செவ்வாடை அணியக் கூடாது என்று நெப்போலியன் உத்தரவிட்டதால் 'கருப்புக் கர்தினால்கள்' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது.

மணமுறிவுச் சண்டை

முடியாட்சி திரும்பியதும் கத்தோலிக்கம் மீண்டும் அரசு மதமாயிற்று. நாடாளுமன்ற உறுப்பினர் பொனால்டு முன்மொழிந்த 1816 மே 8 சட்டம் மணமுறிவை ஒழித்தது. ஆனால் பதிவேட்டைக் குருக்களிடம் திருப்பிக் கொடுக்க அந்த முடியாட்சிகூடத் துணியவில்லை. 1830-க்குப் பிறகு கீழவை பலமுறை மணமுறிவை மீட்க வாக்களித்தும் மேலவை தடுத்துவிட்டது. நீதிமன்றங்களும் திருச்சபையின் சில விதிகளைச் சத்தமில்லாமல் காப்பாற்றி வந்தன. குருத்துவத்தைத் துறந்தவர் மணக்கக் கூடாது என்று உரிமையியல் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் 1888 வரை உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்டவர்களுக்கு மணத்தை மறுத்தது.

மூன்றாம் குடியரசில் அரசியல்வாதி ஆல்ஃபிரெட் நாக்கே பிடிவாதமாகப் போராடி 1884 ஜூலை 27-இல் மணமுறிவை மீட்டார். அதற்கு நான்கு ஆண்டு முன்புதான் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, கிறிஸ்தவரிடையே ஒப்பந்தத்தையும் திருவருட்சாதனத்தையும் பிரிக்க முடியாது என்று சுற்றுமடல் விடுத்திருந்தார். நாக்கேயின் சட்டம் குற்றம் காட்டினால்தான் மணமுறிவு என்றது. இருவரும் ஒத்துப் பிரிவது 1975-இல்தான் திரும்பி வந்தது. மனைவியின் கீழ்ப்படிதல் 1938-இல் சட்டத்திலிருந்து நீங்கியது.

1905-இல் அரசும் திருச்சபையும் பிரிந்தன. எந்த மதத்தையும் அங்கீகரிக்காத அரசு, மதச்சடங்கு எப்போது நடக்கலாம் என்று மட்டும் தொடர்ந்து கட்டளையிடுகிறது. அண்டை நாடான ஜெர்மனி இப்படிப்பட்ட தடையை 2009-இல் நீக்கிவிட்டது. பிரான்சுக்கு அது எதற்கு இன்னும் வேண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க விடை இல்லை. பழக்கம்தான் காரணம் என்று தோன்றுகிறது.

2013

1999-இல் ஆண்-பெண் இணையருக்கும் ஒருபால் இணையருக்கும் பொதுவாக 'பாக்ஸ்' என்னும் இணைவு ஒப்பந்தம் வந்தது. அதை நகராட்சியில் அல்ல, நீதிமன்ற எழுத்தரிடம் பதிய வேண்டும் என்று வைத்தார்கள். திருமணம்போல் தோன்றிவிடக் கூடாதே என்ற கவலை. அது நகராட்சிக்கு வந்தது 2017 நவம்பரில். 2004-இல் பெகில் நகர மேயர் நொயேல் மாமேர் இரண்டு ஆண்களுக்கு மணமுடித்து வைத்தார். திருமணம் என்பது ஆணும் பெண்ணும் சேர்வதே என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

ஒருபால் திருமணத்துக்கான மசோதாவை எதிர்த்து 2012, 2013-இல் பெருங்கூட்டங்கள் பாரிசில் ஊர்வலம் போயின. ஆயர்கள் பேரவைத் தலைவர் கர்தினால் வேன்-துருவா வெளிப்படையாக எதிர்த்தார். நூறாண்டுக்கு மேல் நகராட்சித் திருமணத்தை வெறும் சட்டப் பதிவு என்று குறைத்துப் பேசிய திருச்சபை, இப்போது அந்த நகராட்சித் திருமணத்தின் இலக்கணத்தையே காக்கப் புறப்பட்டது வரலாற்றின் விநோதம். 2013 ஏப்ரல் 23 அன்று மசோதா 331-க்கு 225 என்ற வாக்குகளில் நிறைவேறி மே 17-இல் சட்டமானது. முதல் திருமணம் மே 29-இல் மோன்பெலியே நகரில் நடந்தது. மனசாட்சியைக் காட்டி மறுக்க மேயர்களுக்கு உரிமை இல்லை என்று அரசமைப்பு மன்றம் அந்த அக்டோபரில் சொல்லிவிட்டது. 1790-இல் தல்மாவை மறுத்த பங்குக் குருவின் இடத்தில் இப்போது சில மேயர்கள் நின்றார்கள்.

புதுச்சேரி

இந்தச் சட்டத்தின் ஒரு கிளை தமிழ் மண்ணிலும் உண்டு. பிரெஞ்சிந்தியாவில் உள்ளூர் மக்களின் திருமணத்தை அவரவர் சாதி, மத வழக்கத்துக்கே அரசு விட்டிருந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணை, விரும்பியவர்கள் அந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர வழிசெய்தது. துறந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டார்கள். குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இதில் முன்னின்றார்; லப்போர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அவர்களுடைய திருமணங்கள் நகராட்சியில், புதுச்சேரிக்காரர்கள் இன்றும் 'மேரி' என்று அழைக்கும் மன்றத்தில், பிரெஞ்சு முறைப்படி பதிவாயின. 1962-இல் ஆட்சி சட்டப்படி இந்தியாவுக்கு வந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. இந்து திருமணச் சட்டத்தை 1963-இல் புதுச்சேரிக்கு நீட்டித்தபோது, அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கும் சேர்ந்தே வந்தது.